ஜிலிபியின் பட்டினி

ஜிலிபியை வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை என்று ஷிபதாஸ் சர்க்கேல் சபதம் எடுத்தார். மனைவி பூரவி குளிக்கப் போகும்வரை காத்திருந்து எடுத்த சபதம். அவள் முன்னால் சபதம் எடுக்கும் துணிச்சல் ஸ்ரீராம்பூரிலேயே யாருக்கும் கிடையாது.

ஜிலிபி, வால் சுருண்ட, மூஞ்சி சப்பையான பக் நாய். சும்மா உட்கார்ந்திருந்தாலே மாடி ஏறி வந்ததுபோல் மூச்சு வாங்கும். கடைவாய்ப் பல்லில் சீழ். மயக்க ஊசி போட்டுத்தான் பிடுங்க வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி.

மூன்று வருடம் முன்பு, அப்போது வளர்த்த நாய் மோத்தியும் இப்படித்தான் பல் பிடுங்கப் போனது. அது வேறு ஆஸ்பத்திரி. திரும்பி வந்தது கழுத்துப்பட்டை மட்டும். அன்று காலை மோத்திக்கு ஒரு துண்டு இலிஷ் மீனை முள் எடுத்து, யாருக்கும் தெரியாமல் ஊட்டியிருந்தார். போனாலும் பசியோடு போகவில்லை. அந்த ஓர் ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினார்.

இன்றும் ஒரு துண்டு ஊட்டினார்.

ஆஸ்பத்திரியில் பூரவி அப்பாவியாகக் கேட்டாள்: "டாக்டரம்மா, பட்டினி எதுக்குன்னு இவருக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்."

"சப்பை மூஞ்சி நாய்க்குத் தொண்டையே குறுகல். மயங்கினா இன்னும் அடைச்சுக்கும். அப்ப வாந்தி வந்தா நுரையீரலுக்குப் போயிடும். ஒரு வாய் சோறு போதும், உயிர் போக."

ஜிலிபி உதட்டை நக்கிக்கொண்டது. ஷிபதாஸ் அதன் முன்னால் வந்து நின்றார்.

"ஊசி போடாதீங்க டாக்டர்! மீன் குடுத்துட்டேன். நான்தான்." பூரவியை ஏறிட்டுப் பார்க்காமல் சொன்னார்: "மோத்திக்கும்... நான்தான்."

"தெரியும்" என்றாள் பூரவி. "அன்னிக்கு அது வாயைத் துடைச்சவ நான்தானே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மோத்தி எழுந்து வருமா? நீங்கதான் படுத்துடுவீங்க."

பூரவி கொண்டுவந்திருந்த மோத்தியின் பழைய சீட்டைப் பார்த்தபடி டாக்டர் மெல்லச் சொன்னார்: "அங்க ஒரு டெஸ்ட்டும் எடுக்காமதான் ஊசி போட்டிருக்காங்க. எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது, சார்."

ஷிபதாஸ் கண்ணைத் துடைத்தார். "ஜிலிபிக்கு இன்னிக்கு வேண்டாம்மா."

"இன்னிக்கு யாரு போடறா?" என்றாள் பூரவி. "இன்னிக்கு ரத்தம், எக்ஸ்ரே, இதயம் மட்டும். ஆபரேஷன் நாளைக்கு."

"இன்னிக்குன்னுதானே சொன்ன?"

"உங்களுக்கு அப்படித்தான் சொல்லணும்." ஜிலிபியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ராத்திரி நாங்க ரெண்டு பேரும் என் தங்கச்சி வீட்டுல. குழம்புல இன்னும் மூணு துண்டு இருக்கு. முள்ளை நல்லா எடுத்துட்டு, நீங்களே சாப்பிடுங்க."