வேண்டாம் சாரும் மாத்திரை டப்பாவும்

நாற்காலியைப் பார்த்ததும் அறிவியல் ஆசிரியருக்கு வியர்த்தது. ஆசிரியர் அறையில் மற்ற எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஜன்னலோரமாக நின்றபடி, சாப்பாட்டு டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டார்.

"உக்காருங்க சார். நின்னுக்கிட்டே சாப்பிட்டா உடம்புல ஒட்டாது" என்றார் கணக்கு வாத்தியார்.

"டாக்டர் நிக்கச் சொல்லியிருக்கார். முதுகுக்கு நல்லதாம்."

டாக்டர் சொன்னது வேறு. உட்காரும் இடத்தில், சரியாக உட்காரும் இடத்தில், ஒரு கட்டி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "சுத்திச் செவந்து பரவுது, காய்ச்சலும் இருக்கு. இதுக்கு ஆன்டிபயாடிக் போட்டுத்தான் ஆகணும். மூணு வேளை, அஞ்சு நாள். விடக் கூடாது."

காலை வேளையும் இரவு வேளையும் வீட்டோடு போய்விடும். மதிய வேளைதான் வம்பு. பள்ளிக்கூடத்தில் அந்த மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் விழுங்க வேண்டும்.

காரணம் பள்ளி வாசலிலேயே நின்றது. ஆள் உயரப் பலகை. அதில் அவருடைய படம், போக்குவரத்தை நிறுத்துகிறவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு. அடியில் கொட்டை எழுத்தில், 'ஆன்டிபயாடிக்கா? வேண்டாம்.'

போன மாதம் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் அவர் நடத்திய ஒரு பாடத்தின் புகழ் அது. சளி பிடித்தாலும் தும்மினாலும் தானாகக் கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கு, வகுப்பையே கிருமிகளாக எழுந்து நிற்க வைத்தார். ஒவ்வொரு மாத்திரைக்கும் கொஞ்சம் பேர் செத்து உட்கார்ந்தார்கள். எதற்கும் சாகாமல் கடைசிவரை நின்ற நாலைந்து தடியர்களைக் காட்டி, "இனிமே பிறக்கிற கிருமி எல்லாம் இவனுங்க பிள்ளைங்கதான். எந்த மாத்திரைக்கும் அசையாது" என்றார். தடியர்களுக்கு ஒரே பெருமை.

அன்று சாயங்காலமே பிள்ளைகள் வீட்டு அலமாரிகளைக் குடைந்து மிச்சம் மீதி மாத்திரைகளை எல்லாம் பறிமுதல் செய்துவிட்டார்கள். பெற்றோர்கள் புகாரோடு வந்தார்கள். தலைமை ஆசிரியையோ உச்சி குளிர்ந்துபோய்ப் பலகை வைத்துவிட்டார். அன்றிலிருந்து அறிவியல் ஆசிரியரின் பெயர் 'வேண்டாம் சார்'.

பாடத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது. டாக்டரே பார்த்துக் கொடுத்தால் வேளாவேளைக்குப் போட வேண்டும், உடம்பு தேறிவிட்டது என்று நாமாக நடுவில் நிறுத்தக் கூடாது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது மணி அடித்துவிட்டது. சொன்னார்தான். ஆனால் ஓடுகிற முதுகுகளிடம் சொன்னார். 'ரெடி' என்று பட்டப்பெயர் எடுத்த பெண் ஒருத்தி உண்டு. மணி அடிக்க வெகுநேரம் இருக்கும்போதே பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவர் "டாக்டர்" என்று ஆரம்பிக்கும்போதே அவள் வாசற்படியில் இருந்தாள்.

ஆக, 'பி' பிரிவுக்கு எட்டியது 'வேண்டாம்' மட்டும்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வேறு அந்த வகுப்பைப் பார்க்க வருகிறார். அது போகட்டும். 'நம்ம சார் சொன்னபடி நடக்கிறவர்' என்று பிள்ளைகளிடம் ஒரு பெயர் இருந்தது. அவர் உத்தியோகத்தில் சம்பாதித்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். கேவலம் ஒரு கட்டிக்கு, அதுவும் அந்த இடத்துக் கட்டிக்கு, அதைப் பறிகொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

கணக்கு வாத்தியார் எதிரில் மாத்திரை போடுவதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். அதனால் திங்கட்கிழமை மாத்திரை அட்டையைத் தன் சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒளித்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருக்கும் வகுப்பறையில் போய்ப் போட்டுக்கொள்வதாகத் திட்டம்.

வகுப்பறை காலியாக இல்லை. வகுப்பு லீடர் நின்றுகொண்டிருந்தாள். கையில் டப்பா.

"தேதி எழுதலாம்னு சாக்பீஸ் எடுத்தேன் சார். இது இருந்துச்சு." அட்டையைத் திருப்பி, பின்பக்கம் மருந்துக்கடையில் பேனாவால் எழுதிக் கொடுத்த 'மூன்று வேளை, ஐந்து நாள்' என்பதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "விட்டமின்."

"சாப்பாட்டுக்கு அப்புறமா சார்?"

"ஆமா."

"சாப்பிட்டாச்சா சார்?"

"ஆச்சு."

அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். அவர் மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும்வரை ஒருவரும் கண் கொட்டவில்லை. போலீஸ் விசாரணை தேவலை என்று நினைத்துக்கொண்டார்.

இரவு மனைவியிடம் புலம்பினார்.

"உண்மையைச் சொல்லிட்டா என்னங்க? டாக்டர் குடுத்தாருன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

"எதுக்குன்னு கேப்பாங்க."

"கட்டின்னு சொல்லுங்க."

"எங்கேன்னு கேப்பாங்க."

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. 'பி' பிரிவுப் பையன் ஒருவன். "சார், நாளைக்கு ஹோம்வொர்க் என்ன சார்?"

"நான் ஒண்ணும் குடுக்கலையேடா."

"அப்படியா சார். சாப்பிட்டீங்களா சார்?"

"இப்பதான் சாப்பிட்டேன்."

"சரி சார்." வைத்துவிட்டான்.

அட்டையில்தானே பெயர் இருக்கிறது? மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, மனைவியின் பித்தான் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அதில் போட்டுக்கொண்டார். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் பெயர் இல்லாத டப்பாவில் போடாதே என்று தானே வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகத்தை அடக்கி மூடியை இறுக்கினார்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு உண்டு. மண்டையின் மேல்மூடி கழன்று வரும். அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் டப்பாவை அதற்குள் வைத்து மூடிவிட்டு, அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மதியம் போனால் ஆய்வுக்கூடத்தில் திருவிழாக் கூட்டம். 'பி' பிரிவில் பாதி அங்கே இருந்தது. ஒருவன் எலும்புக்கூட்டின் விலாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தி விரல் விரலாகத் துடைத்தாள்.

"உங்களை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னது?"

"தூசியா இருந்துச்சு சார்" என்றாள் லீடர். "மண்டைக்குள்ள என்னமோ கடகடங்குது. இது உங்களுதா சார்?"

டப்பா. அவர் மூளை வேலை செய்யாமல் வாய் மட்டும் வேலை செய்தது. "என் வீட்டுக்காரம்மாவோடது. அவங்களுக்குத்தான் உடம்பு சரியில்லை. ரெண்டு நாளா தேடிக்கிட்டு இருந்தோம்."

வீட்டுக்காரம்மாவின் மாத்திரை எலும்புக்கூட்டின் மண்டைக்குள் எப்படி வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அதுதான் அவரை மேலும் பயமுறுத்தியது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், நகரவே இல்லை. கடைசியில் அவர், "ருசி பார்த்தாத்தான் கெட்டுப்போயிருக்கான்னு தெரியும்" என்று ஏதோ உளறிக்கொண்டே ஒன்றை எடுத்து விழுங்கினார். உடனே கூட்டம் கலைந்துவிட்டது.

அன்று மாலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் 'பி' பிரிவைச் சேர்ந்த ஆறேழு பேர், கையால் வரைந்த ஒரு வாழ்த்து அட்டையோடு. ஸ்டூலில் ஏறி நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்த மனைவி அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"உடம்பு எப்படி இருக்கு ஆன்ட்டி?" என்றான் ஒருவன்.

"எனக்கென்னப்பா, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். உங்க சாருக்குத்தான்..."

அவர் உள்ளேயிருந்து வீடே அதிர இருமினார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட்டையில் 'சீக்கிரம் குணமடைய வாழ்த்துகள்' என்று இருந்தது. யார் குணமடைய என்ற இடத்தில் மட்டும் யாரோ ஜாக்கிரதையாக ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

"சார் நேரத்துக்குச் சாப்பிடுறாரா ஆன்ட்டி?" என்று போகும்போது லீடர் கேட்டாள்.

"பார்த்தீங்களா, எவ்வளவு அன்பு" என்றாள் மனைவி கதவைச் சாத்திவிட்டு.

"அன்பா? வேவு பார்க்கிறாங்க. வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னாடி போட்டு உடைக்கப் போறாங்க."

புதன்கிழமை டப்பாவை மழைக்கோட்டின் உள்பையில் வைத்தார். "கோட்டு கீழே விழுந்துச்சு சார், கூடவே இதுவும்" என்று சரியாகச் சாப்பாடு முடிந்த நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள், தண்ணீரோடு. வியாழக்கிழமை நூலகத்தில் யாரும் தொடாத தடித்த அகராதிகளுக்குப் பின்னால் வைத்தார். வாழ்நாளில் அகராதியைத் தொட்டிராத ஒரு பையன் அன்றைக்கு ஏதோ ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினான். இரவானால் தொலைபேசி. ஹோம்வொர்க் கேட்பார்கள், சாப்பிட்டாரா என்று கேட்பார்கள், வைத்துவிடுவார்கள். காலையில் பள்ளி வாசலில் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "குட் மார்னிங் சார், சாப்பிட்டாச்சா சார்?" இத்தனை விசாரிப்பு அவரைப் பெற்றவர்கள்கூட விசாரித்ததில்லை.

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தபோது காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. பயந்து பயந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். உட்கார முடிந்தது. இவ்வளவு சுகமான காரியத்தை இத்தனை வருஷம் மதிக்காமல் செய்துகொண்டிருந்தோமே என்று தோன்றி, கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் யோசித்தார். உடம்புதான் தேறிவிட்டதே. பாக்கி இருப்பது மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. டப்பா இருந்தால்தானே அகப்படும்? பள்ளிக்குள் நுழைந்ததும் தோட்டத்துப் பக்கம் போய், யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டார். மேலே கொஞ்சம் காய்ந்த இலையையும் அள்ளிப் போட்டார். வாசல் பலகையில் இருந்த அவர் படம் அவரையே பார்ப்பது போலிருந்தது. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. கூடவே தலைமை ஆசிரியை, முகமெல்லாம் பல்லாக. பாடம் அமோகமாகத் தொடங்கியது. பிள்ளைகள் கிருமிகளாக நின்றார்கள், அழகாகச் செத்து உட்கார்ந்தார்கள். தடியர்கள் சாகாமல் நின்றார்கள். அதிகாரி தலையாட்டி ரசித்தார்.

அப்போது லீடர் எழுந்து வந்தாள். மேஜை மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தாள். பக்கத்தில் டப்பாவை வைத்தாள். பளபளவென்று துடைத்திருந்தது. இடுக்கில் மட்டும் ஒரு காய்ந்த இலைத்துணுக்கு.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

லீடர் ஆசிரியரைப் பார்த்தாள். வகுப்பே அவரைப் பார்த்தது. விட்டமின் என்று சொல்லலாம். மனைவியுடையது என்று சொல்லலாம். இரண்டையும் கேட்டவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு அலுத்துவிட்டது.

"ஆன்டிபயாடிக்" என்றார். "என்னுது."

தலைமை ஆசிரியையின் பற்கள் மறைந்தன.

"எனக்கு ஒரு கட்டி. டாக்டர் பார்த்து இதைக் குடுத்தார், அவசியம்னு சொல்லித்தான் குடுத்தார். உங்க முன்னாடி போட வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சேன், பொய் சொன்னேன். இன்னிக்கு வலி விட்டதும் குப்பையில போட்டேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துறவன் செய்யற வேலையா இது? அந்தப் பலகையில பாதிப் பாடம்தான் இருக்கு. மீதிப் பாதியை நானே கடைப்பிடிக்கலை."

சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வாரம் முழுக்க அவரை உட்காரவிடாமல் படுத்தியது கட்டி மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டி எங்கே சார்?"

"அது பாடத்திட்டத்துல இல்லைங்க சார்."

அதிகாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இந்தப் பாடம்தான் போகணும். இன்னிக்கு நடந்த மாதிரியே, முழுசா" என்றார். தலைமை ஆசிரியையின் பற்கள் திரும்பி வந்தன. பலகையில் கீழே இடம் இருக்கிறது, இன்னும் இரண்டு வரி எழுதலாம் என்று அவரே சொன்னார்.

ஆசிரியர் டப்பாவைத் திறந்து, எல்லோரும் பார்க்க மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. அது அவருக்கு விளங்கவில்லை.

"என்னடா, உங்களுக்கு வருத்தமே இல்லையா? இத்தனை நாளா உங்களை ஏமாத்தியிருக்கேனே?"

எல்லோரும் லீடரைப் பார்த்தார்கள். லீடர் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். மணி அடிக்க வெகுநேரம் இருந்தது. ஆனாலும் கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ரெடி, அதை அணைத்தபடியே எழுந்து நின்றாள்.

"மணி அடிச்சப்புறம் சொன்னீங்களே சார், டாக்டர் குடுத்ததை நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு, அதனாலதான் முதல் நாள் அட்டையைப் பார்த்ததுலேருந்து நாங்க முறை போட்டு வேளாவேளைக்கு உங்களைப் போட வச்சுக்கிட்டு இருக்கோம், ராத்திரிக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு சார், அதையாவது ஒளிச்சு வைக்காதீங்க, இன்னிக்கு என்னோட முறை."