எல்க் மானும் ஒரு சிவப்புப் புள்ளியும்

எந்தப் பொருளை வாங்கினாலும் அதோடு வரும் கையேட்டை நான் படிப்பதில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். எங்கள் ஹரோ வீட்டுச் சலவை இயந்திரத்தில் மூன்று வருடமாக ஒரே ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறேன். இந்தக் குணத்தால் அதுவரை சில சட்டைகள்தான் பாழாகியிருந்தன. போன வருடம் மானமும் போனது.

என் மனைவி வதனியின் அண்ணன் ரவி கனடாவில், அல்பேர்ட்டாவில் இருக்கிறான். எனக்குச் சமவயது மச்சான். வருடந்தோறும் நண்பர்களோடு வில்லும் அம்புமாக எல்க் வேட்டைக்குப் போகிறவன். எல்க் என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். அவன் இங்கே வந்திருந்தபோது ஒரு பிறந்தநாள் விருந்தில், "என்னையும் கூட்டிக்கொண்டு போ மச்சான்" என்று கேட்டுவிட்டேன். (இரண்டாவது கிளாசில் வந்த வீரம்.)

"வாறதெண்டா வா. ஆனா முப்பது யார் தூரத்தில ஆறு அம்பு விட்டு, குறைஞ்சது நாலு நெஞ்சு வட்டத்துக்க விழவேணும். வீடியோவில காட்டு. குறி தெரியாதவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சீவனைக் காயத்தோட அலைய விட ஏலாது" என்றான்.

நியாயமான பேச்சு. ஆனால் அதற்குள் நான் வேட்டைக்குப் போகும் செய்தியை ஹரோவிலிருந்து சட்டன் வரை எல்லாச் சொந்தக்காரருக்கும் பரப்பியிருந்தேன். காட்டு நிறத்தில் சட்டையும் வாங்கியாகிவிட்டது. இனிப் போகாவிட்டால் ஒரு விசேஷத்திலும் தலைகாட்ட முடியாது.

நாங்கள் இருக்கும் நாட்டில் வில்லால் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். ஆகவே ஒரு வில்லை வாங்கி, பழகுவதற்கு ஒரு வில்வித்தைச் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே நுரைப்பஞ்சில் செய்து, நெஞ்சில் வட்டம் போட்ட எல்க் ஒன்று நின்றது. பயிற்சியாளர் டொரீன், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வில்லில் பூட்டிக் குறிபார்ப்பதற்கு 'சைட்' ஒன்று வாங்கச் சொன்னார். உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கண்ணாடி அது. பார்சல் வந்த அன்று பிரித்து, படுக்கையறை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் வில்லில் பூட்டும்போது பார்த்தால், கண்ணாடியின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி, கொஞ்சம் வலப்பக்கமாக ஒரு சிவப்புப் புள்ளி. பச்சை கிட்டத்துக்கு, சிவப்பு தூரத்துக்கு என்று நானே முடிவு செய்தேன். கையேட்டைத் திறக்காமலே விளங்கிவிட்டதே என்று ஒரு பெருமை வேறு.

டொரீன் சொல்லித்தந்த விதி ஒன்றுதான்: அம்பு எந்தப் பக்கம் விலகுகிறதோ, சைட்டையும் அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சிவப்புப் புள்ளியை எல்க்கின் நெஞ்சில் வைத்து, அம்பு போன போன பக்கமெல்லாம் திருகாணியைத் திருகினேன். மூன்றாவது வாரம் ஆறில் ஐந்து வட்டத்துக்குள் விழுந்தன. டொரீன் தோளில் தட்டினார். நான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

நாலாவது ஞாயிறு பரீட்சை. அது முடிந்து இல்ஃபோர்டில் ஒரு கலியாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் வதனி சேலையில் வந்திருந்தாள். வில்லை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்வந்தேன். (பயம்தான்.) திரும்பி வந்ததும் வதனி கைபேசியை நீட்டிப் பிடித்தாள். அதில் ரவி கோப்பிக் கோப்பையோடு சாய்ந்திருந்தான்.

நாணை இழுத்துக் கண்ணாடிக்குள் பார்த்தேன். சிவப்புப் புள்ளியைக் காணவில்லை.

வில்லை இறக்கினால் ரவி சிரிப்பான். சரி, பச்சை இருக்கிறதே என்று அதை நெஞ்சில் வைத்து விட்டேன். அம்பு வலப்பக்கம் விலகி எல்க்கின் பின்புறத்தில் போய்க் குத்தியது.

"மச்சான், அது நெஞ்சில்லையடா, அது குந்துற இடம்!" என்றான் ரவி.

பதற்றத்தில் டொரீனின் விதியை மறந்து சைட்டை இடப்பக்கம் திருகினேன். இரண்டாவது அம்பு வாலை உரசிக்கொண்டு போனது. இன்னும் இடப்பக்கம் திருகினேன். மூன்றாவது எல்க்கையே தாண்டிப் பின்னாலிருந்த வலையில் தொங்கியது. நாலாவதை விட டொரீன் அனுமதிக்கவில்லை.

"இதில சிவப்பா ஒரு புள்ளி இருந்ததெல்லே! எங்க அது?" என்று கத்தினேன்.

"அதுவோ?" என்றாள் வதனி. "அது நான் எடுத்திட்டனே. காரில வரேக்க என்ர பொட்டு எங்கயோ விழுந்திட்டுது. பாத்தா உங்கட வில்லில ஒண்டு ஒட்டிக் கிடக்குது. எடுத்து வைச்சன்."

அவள் நெற்றியைப் பார்த்தேன். மூன்று வாரம் நான் எல்க்கின் நெஞ்சில் வைத்த புள்ளி அங்கே இருந்தது.

"உம்மட பொட்டு என்னெண்டு என்ர சைட்டில வந்தது?"

"ஒரு நாள் கோயிலால வந்து கழட்டேக்க, மேசையில கிடந்த கண்ணாடியில ஒட்டியிருப்பன். எல்லாரும் ஒட்டுறதுதானேயப்பா!"

ஒட்டுகிறதுதான். எங்கள் குளியலறைக் கண்ணாடியில் முகம் பார்க்க வேண்டுமென்றால் பொட்டுகளுக்கு நடுவில் இடம் தேட வேண்டும். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு உறைக்கவில்லை. டொரீனுக்கு விளக்கிச் சொன்னேன். சிலர் தங்கள் வசதிக்குத் தனியாகப் புள்ளி ஒட்டிக்கொள்வதுண்டாம், அதனால்தான் கேட்கவில்லையாம். சொல்லிவிட்டுச் சிரிப்புத் தாங்காமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வராத குறை.

கைபேசியில் ரவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வா மச்சான், வா. ஆனா வில்லை அங்கயே விட்டிட்டு வா. எங்களுக்குச் சமைக்க ஆளில்லை."

போனேன். எட்டு நாள் கூடாரம். ரவியும் நண்பர்களுமாக நாலு பேரும் விடியுமுன்னே காட்டுக்குள் போவார்கள். நான் பருப்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துக் காத்திருப்பேன். ஒரு எல்க்கும் அகப்படவில்லை.

இப்போது எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், "இவர்தான் எல்க் வேட்டைக்குப் போய்ப் பருப்பு வைச்சவர்" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார்கள். நன்றாகக் குறிபார்க்கத் தெரிந்த அந்த நாலு பேரும் வெறுங்கையோடு வந்து, சொதியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்ததை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.