கட்டை பறந்த கதை

ஜொகூர் முழுவதிலும் என்னை வயிறெரிய வைத்த ஒரே மனிதர் 'கட்டை'தான். எங்கள் பக்கம் மைல்கல்லைக் கட்டை என்போம். தூரம் சொல்வதும் அப்படித்தான்: மூன்றாங்கட்டை, பத்தாங்கட்டை. தோட்டத்து லாரி ஓட்டிய அந்த மனிதருக்குத் தூரம் என்றால் பைத்தியம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "பொண்ணு வீடு எத்தனாவது கட்டை?" என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலையை வாங்குவார்.

நான் அதே தோட்டத்தில் சின்னக் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. இங்கிலீஷ் படித்தவன், கைக்கடிகாரம் கட்டியவன். ஆனாலும் ஜனங்கள் சந்தேகம் கேட்கப் போனது அவரிடம்தான். என் உடம்பெல்லாம் எரியும்.

எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில், குளுவாங்கில் ஏரோப்ளேன் இறங்கத் திடல் போட்ட சமயம் அது. தோட்டத்துத் துரையின் சிநேகிதர் ஒருவர், இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஏரோப்ளேனில் வந்து இறங்கினார். திரும்பும்போது பக்கத்து இருக்கை காலி. இங்கிருந்து சிங்கப்பூர் திடலுக்கு எவ்வளவு நேரமாகும் என்று சரியாகச் சொல்பவருக்கே அந்த இருக்கை என்றார். ஏரோப்ளேனின் வேகத்தையும் சொல்லிவிட்டார்.

மனசுக்குள் நான் அப்போதே பறந்துவிட்டேன். ரோட்டு வழியே ஆயர் ஈத்தாம் வரை இத்தனை கட்டை, அங்கிருந்து ஜொகூர்பாருவுக்கு இத்தனை, பிறகு சிங்கப்பூர்ப் பாலம் என்று ஒன்று விடாமல் கூட்டி, "ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும்" என்றேன்.

கட்டை என் ஆபீசுக்குள்ளேயே நுழைந்து, சுவரில் மாட்டியிருந்த ஜொகூர் மாப்பில் குளுவாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நேராக நூல் பிடித்தார்.

"நாப்பது நிமிஷம் போதும். ஆகாயத்துல ஏது ஆயர் ஈத்தாம் முச்சந்தி, கிராணி ஐயா?"

தோட்டமே கொல்லென்று சிரித்தது. என் பெண்டாட்டியும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருக்கை அவருக்கே போனது. கிளம்பும்போது, நேரம் பார்க்கவென்று என் கைக்கடிகாரத்தையும் இரவல் வாங்கிக்கொண்டார். எனக்குக் கிடைக்காத ஆகாயம் என் கடிகாரத்துக்குக் கிடைத்தது.

மறுநாள் அவர் ரயிலில் திரும்பினார். கடிகாரத்தை வாங்கும் சாக்கில் ஸ்டேஷனுக்கே போய்விட்டேன்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

கட்டை அக்கம் பக்கம் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா. அது மேல கெளம்புனதும் கண்ண மூடினவன்தான். சிங்கப்பூர்ல எறங்கித்தான் தொறந்தேன். கெடியாரத்தையும் பாக்கல, ஒரு மண்ணையும் பாக்கல."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தோட்டம் போய்ச் சேரும் வரை அந்த ரகசியத்தை எப்படிப் போட்டு உடைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"அண்ணே, மேலேருந்து பாத்தா நம்ம கோயிலு தெரிஞ்சுச்சா?"

"எங்க லயம் தெரிஞ்சுச்சா லா?"

எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்லும் கட்டை, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

போட்டு உடைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. முன்னால் போய் நின்றேன்.

"அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஸ்டேஷன்லயே என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்று ஆரம்பித்தேன். கோயில் வெற்றிலைப் பெட்டி அளவுதான் தெரிந்ததாம், லயத்து வீடுகள் தீப்பெட்டி அடுக்கியது போல் இருந்தனவாம், ரப்பர் மரமெல்லாம் பாசியாம். நாற்பது நிமிஷம், ஒரு நொடி பிசகவில்லையாம். ஏணியில் ஏறினாலே தலைசுற்றும் நான் அள்ளி விட்டேன்.

கூட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டவர் கட்டைதான். மெல்ல என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நெசமாவே கோயிலு அம்மாஞ்சின்னதாவா தெரியும், ஐயா?"

"ஆமாம்" என்றேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் மேல் பொறாமைப்பட எவ்வளவோ முயன்றேன், முடியவே இல்லை.