கோரையனின் பத்தாயிரம் அடி

ஒரு காட்டில், கிழங்கு கிடைத்த இடமெல்லாம் உண்டு, நிழல் கிடைத்த இடமெல்லாம் உறங்கிப் பெருத்திருந்தது கோரையன் என்னும் காட்டுப்பன்றி. பத்தடி மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. ஆகவே அது மரங்கொத்தி மருத்துவரிடம் சென்று வரிசையில் அமர்ந்தது. அதன் டோக்கன் எட்டு. ஏழாம் டோக்கன் புலியார்.

கோரையன் நடுங்கியது. புலியார் அதன் விலாவை ஏற இறங்கப் பார்த்துப் பெருமூச்செறிந்தார்.

"பயப்படாதே தம்பி. கொழுப்பு எனக்கு ஆகவே ஆகாதுன்னு போன மாசமே டாக்டர் சொல்லிட்டாரு. உன்னைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்குது."

மருத்துவர் கோரையனின் மார்பைக் கொத்திக் கொத்திச் சத்தம் கேட்டுப் பார்த்தார்.

"உள்ளே கஞ்சி கொதிக்கிற மாதிரி இருக்கு, கோரையா. உப்புப் பாறையை நக்காதே. நேரத்துக்குத் தூங்கு. தினம் வெறும் வயித்துல பத்தாயிரம் அடி நட. நடந்து முடிச்ச பிறகுதான் வாயில எதையும் வைக்கணும். என்கிட்ட வர்ற எல்லாருக்கும் இதேதான்."

"எத்தனை நாளைக்கு, டாக்டர்?"

"உயிரோட இருக்கிற வரைக்கும்."

அன்பர்களே, மருத்துவர் சொல்வதை நாம் எல்லோரும் கேட்கிறோம். கேட்டபடி நடப்பவர் எத்தனை பேர்? கோரையன் நடந்தது. காலில் கட்டிய கருவி அடிகளை எண்ண, விடியற்காலை தோறும் ஓடைக்கரையில் நடந்தது. மூன்றே மாதத்தில் தொப்பை கரைந்தது.

நன்கு தேறியவரின் பெயரையும் எடையையும் வாசல் மரத்தில் பலகையில் எழுதி மாட்டுவது அந்த மருத்துவமனையின் வழக்கம். மற்றவர்க்கு ஊக்கமாக இருக்குமல்லவா? கோரையன் தான் நடக்கும் நேரத்தையும் பாதையையும் சேர்த்து எழுதச் சொன்னது.

மறுநாள் விடியலில் ஓடை வளைவில் புலியார் நின்றிருந்தார்.

"பலகையைப் படிச்சேன் தம்பி. ரொம்பப் பெருமையா இருந்தது. கொழுப்பில்லாத கறி எனக்கு ஆகும்னு சீட்டுலயே எழுதியிருக்கு."

கோரையனின் இதயம் வேகமாக, ஆனால் சீராகத் துடித்தது. புலியாரின் காலிலும் ஒரு கருவி இருப்பதை அது கண்டது.

"ஐயா இன்னிக்கு நடந்து முடிச்சாச்சா?"

புலியார் குனிந்து பார்த்தார். "ஆறாயிரத்துச் சொச்சம்தான்."

"முடிச்ச பிறகுதானே வாயில வைக்கணும்?"

புலியார் கட்டுப்பாடு மிக்கவர். "அதுவும் சரிதான். வா, பேசிக்கிட்டே நடப்போம். ஓடிடலாம்னு நினைக்காதே, இப்போ எனக்கும் மூச்சு வாங்குறதில்லை."

இருவரும் நடந்தனர். கோரையன் வழியில் நின்று ஒவ்வொரு பூவையும் வியந்தது. புலியாரின் பிள்ளைகளை ஒவ்வொருவராக நலம் விசாரித்தது. ஒன்பதாயிரத்து எண்ணூறாவது அடியில், குளம்பில் முள் தைத்துவிட்டது என்று உட்கார்ந்துகொண்டது. புலியார் பொறுமையாகத் தேடிப் பார்த்தார். முள் இல்லை.

"இன்னும் இருநூறுதான் தம்பி. மனசு தளரக் கூடாது, எழுந்திரு" என்று அன்போடு ஊக்கினார்.

எப்போது முடியும் எப்போது முடியும் என்று மூன்று மாதம் நடந்த கோரையனுக்கு, அன்றுதான் நடைப்பயிற்சியின் அருமை முழுமையாக விளங்கியது.

நீதி: நடைப்பயிற்சி ஆயுளை நீட்டும், ஆகவே நடந்துகொண்டே இருங்கள், முடித்துவிடாதீர்கள்.