ஹவுராவைச் சுற்றிக் காட்டிய ஞாயிறு

தன் ஊரை அந்த ஊர்க்காரன் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். நானே தினமும் திட்டுகிறேன். ஹவுராவில் எங்கள் பேட்டையான சாந்த்ராகாச்சியில் மழை பெய்தால் தெருவில் தேங்கும் தண்ணீரைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. ஆனால் அதே பேச்சை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, எங்கள் சோபாவில் உட்கார்ந்து, எங்கள் ஃபேன் காற்றை வாங்கிக்கொண்டே பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் பெண்ணைத்தான் நான் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாலும் வரும். என் கல்யாணம் கையை விட்டுப் போகப் பார்த்தது இதனால்தான்.

வித்யாவும் நானும் சால்ட் லேக்கில் ஒரே ஆபீஸ். அவள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொல்கத்தா டாக்குரியாவில். அப்பா மாணிக்கவாசகம், வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கொல்கத்தாவில் அவர்கள் நாலாவது தலைமுறை. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர், சிக்னல் பிரிவிலேயே காலம் தள்ளியவர். மாணிக்கவாசகத்துக்கு என் மேல் குறை எதுவும் இல்லை. ‘பையன் நல்ல பையன்தான். ஓபாராச்சே’ என்று இழுத்தார். ஓபார் என்றால் வங்காள மொழியில் அக்கரை. (நாங்களும் அவர்களை ஓபார் என்றுதான் சொல்வோம். அது வேறு விஷயம். நாங்கள் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது.) வீட்டை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். அவர் வேண்டாம் என்றால் மீறி நடக்க வித்யாவுக்கு மனசில்லை.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் வித்யா போன் செய்தாள்.

“அப்பா ஹவுராவைப் பத்தி ஏதாவது சொல்லுவார். நீ ஆமாம்னு சொல்லிடு. ஜொக்ரா பண்ணாத. ஒரு மணி நேரம்தான்.”

“நான் ஏன் சண்டை போடப்போறேன்?” என்றேன். அதை நம்பி அவள் போனை வைத்தாள், பாவம்.

மே மாதம். காலை பத்து மணிக்கு மாணிக்கவாசகமும் அவர் மனைவி சிவகாமி அம்மாளும் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “பாலத்துல பாஸ்போர்ட் மட்டும்தான் கேக்கலை” என்றார். நான் சிரித்தேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தேன்.

“சும்மா சொல்லக்கூடாது. ஹவுரா இல்லேன்னா கொல்கத்தாவுக்கு குடோனுக்கு எங்க போறது?” என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. வாயில் வரவே இல்லை.

“கொல்கத்தாவுக்கு ரயில்ல வர்றவங்கள்ல பாதிப்பேர் முதல்ல கால் வைக்கறது எங்க ஊர்லதான் சார்.”

“செருப்பு விடறதும் வாசல்லதான் தம்பி.”

“மாநிலத்தோட தலைமைச் செயலகமே எங்க பக்கம் வந்தாச்சு.”

“எங்க கட்டடத்துல ரிப்பேர். வாடகைக்குப் போன மாதிரிதான்.”

“ஆத்துக்கு அடியில மெட்ரோ வந்திருக்கு. நாட்டுலயே ஆழமான ஸ்டேஷன் ஹவுராவுலதான்.”

“ஆழத்துக்குப் போறது வளர்ச்சியா?” என்று கேட்டுவிட்டுக் காபியை உறிஞ்சினார். அவருக்கு இது விளையாட்டு. எனக்கு உயிர் போகிற விஷயம். காது சூடாகிவிட்டது.

“வாங்க சார், காட்டறேன். அரை மணி நேரம்” என்று எழுந்தேன். எங்கள் அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மாவும் சிவகாமி அம்மாளும் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். (அறிவுள்ளவர்கள்.)

முதலில் சாந்த்ராகாச்சி ஏரி. சைபீரியாவிலிருந்து புறப்படும் பறவையே டாக்குரியாவில் இறங்காமல் இங்கேதான் இறங்குகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். பறவைகள் குளிர்காலத்தில் வருகிறவை என்பதும் இது மே மாதம் என்பதும் கரையில் நின்றபோதுதான் உறைத்தது. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. ஒரு வாத்துகூட இல்லை.

“எங்க டாக்குரியா லேக் பக்கம் குடி போயிடுச்சோ என்னவோ” என்றார் மாணிக்கவாசகம்.

அப்போதாவது திரும்பியிருக்கலாம். நான் அவரை லோக்கல் ரயிலில் ஏற்றினேன். ஹவுரா ஸ்டேஷனுக்கு வெளியே வண்டி சிக்னலுக்காக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பெட்டிக்குள் வெந்துகொண்டிருந்தோம். என் அப்பாவின் முகத்தில் மட்டும் ஒரு களை.

“சிக்னல் விழல, வண்டி நிக்கி. எவ்வளவு ஒழுங்கு பாருங்க சார்” என்றார். பிறகு சிக்னல் எப்படி வேலை செய்கிறது என்று ஆரம்பத்திலிருந்து விளக்கினார். முடிக்கும்வரை சிக்னலும் விழவில்லை.

ஒரு வழியாக இறங்கி, அந்தக் கூட்டத்தில் மாணிக்கவாசகத்தை இழுத்துக்கொண்டு மெட்ரோ வாசலுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஆற்றடி மெட்ரோ ஓட ஆரம்பித்த புதிது அது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நான் ஆபீஸ் நாட்களில் மட்டுமே போனவன், எனக்கு எப்படித் தெரியும்? (அறிவிப்புப் பலகை இருந்தது. யார் படிக்கிறார்கள்?)

“ரொம்ப ஆழம் போல. வெளியில ஒண்ணும் தெரியலை” என்றார் அவர். குரலில் பழைய தெம்பு இல்லை. நான் அதை என் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட புத்திசாலி நான்.

ஏதாவது சாப்பிடலாமா என்று அப்பா கேட்டார். வெளிச்சாப்பாடு ஆகாது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று மாணிக்கவாசகம் சொல்லிவிட்டார். மறுபடியும் கூட்டம், ரயில், சிக்னல். வீடு திரும்பும்போது மணி இரண்டரை.

சோபாவில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது. சிவகாமி அம்மாள் ஓடி வந்தார்.

“ஏழு மணிக்கு ரெண்டு இட்லி, அதோட சுகர் மாத்திரை. பன்னெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடலாம்னுதானே வந்தோம்” என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் வித்யாவின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? ஊராவது ஒன்றாவது என்று அந்த நிமிஷம் தோன்றியது.

அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் தெளிந்தார். அடுத்து சோறு போட வேண்டும். அங்கேதான் சிக்கல். சம்பந்தம் முடிவாகும் முன் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான வழக்கம். காபி குடிக்கலாம். சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா தட்டோடு நின்றாள், சிவகாமி அம்மாள் கையைப் பிசைந்தார், என் அப்பா கூரையைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உடம்புதான் முக்கியம். சாப்பிடுங்க” என்று அம்மா தட்டை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் சொதி. தேங்காய்ப்பால் விட்டுச் செய்கிற அதை எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் போடுவார்கள். கூடவே இஞ்சிப் பச்சடி. அம்மா எங்களுக்காகத்தான் வைத்திருந்தாள், சத்தியமாக வேறு உள்நோக்கம் இல்லை. மாணிக்கவாசகம் தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார். முகத்தில் ரத்தம் வந்ததும் எனக்கும் உயிர் வந்தது.

அவர் கடைசிக் கவளத்தை எடுக்கும்போது சிவகாமி அம்மாள் மெதுவாகச் சொன்னார்: “என்னங்க, கை நனைச்சிட்டீங்க.”

கவளம் பாதியில் நின்றது. தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பச்சடி இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று அம்மாவிடம் கேட்டார். “நனைஞ்சது நனைஞ்சாச்சு.”

மூன்று மாதத்தில் கல்யாணம். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனக்குறை. ஸ்டேஷன், செயலகம், ஆற்றடி மெட்ரோ, இவ்வளவு இருந்தும் ஹவுராவின் பெருமையைப் பார்த்து யாரும் எனக்குப் பெண் கொடுக்கவில்லை. டாக்குரியாவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என்னை அறிமுகப்படுத்துவது, “இவர்தான் சுகர் இறங்கினப்போ கிடைச்ச மாப்பிள்ளை” என்றுதான். போன வாரம் காது குத்து வீட்டில், யாரென்றே தெரியாத, சித்தி வயசுள்ள ஒரு வங்காளி மாஷிமா என்னைப் பார்த்து “ஓ, சுகர் ஜாமாய்” என்றார். அதாவது சுகர் மாப்பிள்ளை.

மாமனாரோ இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடுதான் வருகிறார். கேட்டால், வித்யாவுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாளாம், மறுபடி சுகர் இறங்கிக் கை நனைத்துவிடாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம்.