மூணாவது பாட்டில்

அண்ணாமலையார்மேல் ஆணையாகச் சொல்கிறேன். கோதண்டராமன் கடைத்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கினால் நெய்க் கடைக்காரன் நெய்யோடு சேர்ந்து உருகுவான். மிளகாய்த்தூள் தானாக வெளுத்துப்போகும். பால்காரன், "இந்த எருமை யாருதுன்னே தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு எருமைக்கு முன்னால் ஓடுவான். கலப்படம் பிடிக்கிற இன்ஸ்பெக்டர் என்றால் சும்மாவா?

அப்பேர்ப்பட்ட மனுஷன் எழுபத்திமூணாம் வருஷம் ஆடி மாசத்தில் ஒரு சபதம் போட்டார். 'இந்த ஆடிப்பூரத்துக்கு என் கட்டிலில் நான்தான் படுப்பேன்.'

வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அம்மனுக்கு வளையல் சாத்துவதைப் பார்க்க வருஷா வருஷம் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமியார் பச்சையம்மாள் வந்துவிடுவாள். வந்தால் கட்டில் அவளுக்கு. இன்ஸ்பெக்டருக்குச் சமையலறை ஓரம் பாய். மாமனார் மட்டும் வரமாட்டார். "படுக்க எனக்கொரு கட்டில் இல்லாத வீட்டுக்கு இன்னாத்துக்குப் போறது?" என்பது அவர் கட்சி. அந்த ஒரு விஷயத்தில் கோதண்டராமனுக்கு அவர்மேல் மட்டற்ற மரியாதை.

சபதம் நிறைவேற வழி ரமணாசிரமத்துப் பக்கம் கிடைத்தது. அங்கே விடுதி நடத்தும் பலராமன், வெள்ளைக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று ஜவ்வாது மலை மூங்கில் குருத்தை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு விற்றுக்கொண்டிருந்தான். கோதண்டராமன் போய்ச் சோதனைக்கு எடுத்தார். சட்டப்படி மூணு பாட்டில், மூன்றுக்கும் அரக்கு முத்திரை. ஒன்று பலராமனிடம். ஒன்று பட்டணத்து ஆய்வுக்கூடத்துக்கு. மூணாவது பாட்டில் இன்ஸ்பெக்டர் கையில் பத்திரமாக இருக்கவேண்டும், நாளைக்குத் தகராறு வந்தால் எடுத்துக் காட்ட.

அவர் உத்தியோகத்தில் இதுவரை ஒரு பயலும் மூணாவது பாட்டிலைக் கேட்டதில்லை. அதைக் கொண்டுபோய் மனைவி ஆதிலட்சுமி முன்னால் வைத்தார்.

"லட்சுமி, இது மூங்கில் குருத்து. உள்ள விஷம் இருக்குது."

"ஐயய்யோ! அத எதுக்குங்க அடுப்புகிட்ட வெக்கிறீங்க?"

"பயப்படாத. மெல்லிசா சீவி, தண்ணிய மாத்தி மாத்தி ஊறவெச்சு, மூடாம கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணிய கொட்டிட்டா விஷம் போயிடும். போச்சான்னு நான் தின்னு பாக்கணும். சர்க்கார் உத்தரவு."

சர்க்காருக்கு இந்த உத்தரவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"நீங்களேவாங்க?"

"நானேதான். தின்னுட்டு, பூரம் முடியற வரைக்கும் கட்டில்ல படுத்திருக்கணும். ஒரு ஆள் கண்ணு கொட்டாம என்னைக் கவனிக்கணும்."

"மூணாவது பாட்டில் கோர்ட்டுக்குன்னு தெனம் சொல்லுவீங்களே. சீல ஒடைச்சா உங்க வேலைக்கு எதுனா..."

"எனக்கே சட்டம் சொல்றியா? ஒடை. ஆக்கு."

"சரிங்க."

ஆதிலட்சுமி எதிர்த்துப் பேசினால் தப்பிக்க வழியுண்டு. "சரிங்க" என்றுவிட்டால் அம்மி நகர்ந்தாலும் அவள் நகரமாட்டாள். கல்யாணமாகி இவ்வளவு காலமாகியும் கோதண்டராமனுக்கு இது பிடிபடவில்லை.

பூரத்தன்று பச்சையம்மாள் வந்தாயிற்று. வீடெல்லாம் சர்க்கரைப் பொங்கல் மணம். இன்ஸ்பெக்டர் தட்டில் மட்டும் வெறுஞ்சோறும் வெள்ளையாய் ஒரு பொரியலும். ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார்.

"ஆஹா! கசப்பு துளி இல்ல. ஜவ்வாது மலையே நாக்குல நிக்குது!"

கையைக் கழுவிக்கொண்டு ராஜநடையாகக் கட்டிலுக்குப் போனார். அதில் பச்சையம்மாள் படுத்திருந்தாள்.

"அத்தே, அங்க நான்..."

"கண்ணு கொட்டாம கவனிக்கணுமாமே மாப்ள. கீழ உக்காந்தா எனக்கு இடுப்பு புடிச்சுக்கும். மேலருந்து நல்லாத் தெரியுது. படுங்க."

ஆதிலட்சுமி பாயை உதறிப் போட்டாள். "மயக்கத்துல உருண்டு விழுந்தா மண்டை ஒடையுங்க. தரைதான் சேஃப்."

"அது கெடக்கட்டும். கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல்..."

"வேற எதுனா தின்னா, எதனால மயக்கம் வந்துதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறது?"

சோதனை முறைப்படி அது நூற்றுக்கு நூறு சரி. இன்ஸ்பெக்டர் பாயில் படுத்தார்.

மறுநாள் காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. மேலதிகாரி இறங்கி நேரே உள்ளே வந்தார்.

"கோதண்டராமன், பட்டணத்துக்கு அனுப்பின பாட்டில் வழியிலேயே ஒடைஞ்சுபோச்சு. உங்க கையில இருக்கிறத எடுங்க."

இன்ஸ்பெக்டர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். கையில் இருந்தது இப்போது வயிற்றில் அல்லவா இருக்கிறது! வேலை போச்சு, மானம் போச்சு. வேர்த்துக் கொட்டியது.

கட்டில்மேலிருந்து பச்சையம்மாள் கத்தினாள். "லட்சுமீ! மாப்ளைக்கு வேர்க்குதுடீ! விஷம் ஏறுது!"

"என்னய்யா விஷம்?" என்றார் அதிகாரி.

ஆதிலட்சுமி முந்தானையால் எதையோ துடைத்தபடி வந்தாள். மூணாவது பாட்டில்! முத்திரையில் ஒரு கீறல் இல்லை.

"இந்தாங்க சார். பூனை தட்டிடும்னு அரிசிப் பானைக்குள்ள வெச்சிருந்தேன்."

அதிகாரி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு பத்திரமா வெச்ச ஆள நான் பாத்ததே இல்ல" என்று கோதண்டராமன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் ஓய்ந்ததும் இன்ஸ்பெக்டர் கேட்டார். "அப்போ நான் தின்னது?"

"கொல்லையில வாழை சாஞ்சுதே. அந்தத் தண்டுங்க."

"ஜவ்வாது மலை..."

"விஷம்னு நீங்களே சொல்லிட்டு ஆக்கிப் போடுன்னா, போட்டுடுவேனா? எனக்கு இருக்கிறது ஒரே புருஷன்."

எடுத்துவைத்திருந்த சர்க்கரைப் பொங்கலை முன்னால் வைத்தாள். முந்திரி கம்மியாக இருக்குமோ என்று பார்த்தார், ஜாஸ்தியாகவே இருந்தது. கோதண்டராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரும் மிச்சம், உத்தியோகமும் மிச்சம். அம்மனே வளையல் போட்டுக்கொண்டு தன் வீட்டில் அடுப்பு ஊதுகிறாள் என்று நினைத்தார்.

"லட்சுமி, இன்னா வேணும் கேளு. எதுவானாலும் சரி."

"எனக்கு எதுக்குங்க? இன்னொரு கட்டில் வாங்கிடுங்க. நீங்க தரையில கெடக்கறதப் பாக்க மனசு கேக்கல."

பொங்கலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கட்டில் வாங்கினார். வண்டி வரும்வரை பொறுக்காமல், எந்தத் தெருவில் புலியாகத் திரிந்தாரோ அதே தெருவில் தலையில் சுமந்து வந்தார். ஜமக்காளம் விரித்தார், தலையணையைத் தட்டிப் போட்டார், கால் கழுவக் கொல்லைக்குப் போனார்.

திரும்பி வந்தால் புதுக் கட்டிலில் மாமனார் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"வாங்க மாப்ள. கட்டில் வருதுன்னு லட்சுமி நேத்தே சொல்லி அனுப்பிச்சுது."