வால்வு அண்ணனின் சிக்கனம்

அருப்புக்கோட்டையில் தண்ணீருக்குப் பயப்படுகிறவர் யாரும் கிடையாது. வந்தால்தானே பயப்படுவதற்கு! ஆனால் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வு அண்ணனுக்குப் பயப்படாத ஆள் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒல்லியான ஆள். காக்கி அரை டிராயருக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஆளுயர இரும்புச் சாவி. பத்து நாளைக்கு ஒருமுறை, சில சமயம் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, தெருமுனைக் குழிக்குள் அந்தச் சாவியை விட்டுத் திருகுவார். ஒரு மணி நேரம் நல்ல தண்ணீர் வரும். அறுபத்தோராவது நிமிடம் போய்க் கேட்டால், "இனிமே காத்துதான் வரும், பிடிச்சுக்கங்க" என்பார்.

சொட்டுகிற குழாயைக் கண்டால் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டப்போகிற நேரம், எல்லோரும் அட்சதையோடு எழுந்து நிற்கிறோம். இவர் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறார். மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்துவிட்டார். என்னமோ ஏதோ என்று நாலு பேர் பின்னால் ஓடினால், கை கழுவுகிற இடத்தில் எவனோ குழாயைத் திறந்துபோட்டுப் போயிருக்கிறான். மூடிவிட்டு வந்து, "தாலி கட்டியாச்சா?" என்று சாவகாசமாகக் கேட்டார். பந்தியில் அரை டம்ளர் தண்ணீர் போதும் என்றார். தனக்கு மட்டுமில்லை, வரிசை முழுவதற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு விக்கல் வேறு.

பேச்சிலும் அப்படித்தான். தெரு வாட்ஸப் குழுவில், நாளை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும் என்பதற்கு '6' என்று மட்டும் போடுவார். பதிலுக்கு முப்பது பேர் கும்பிடு போடுவார்கள். "எதுக்கு இத்தனை?" என்று மறுநாள் நேரில் பார்த்துத் திட்டுவார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு இன்னொரு பெயர், சிக்கனம். சிக்கனம் போறாரு, சிக்கனம் வாராரு. டீக்கடையில் ஒருநாள் நான் சும்மா இல்லாமல் வாயை விட்டேன். "அண்ணே, ஒங்களக் கஞ்சன்னு நெனச்சுத்தான் அவுக அப்படிச் சொல்றாக."

கோபப்படுவார் என்று பார்த்தால், மடியிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்தார். திருச்சுழிக்குப் போய்வந்த டிக்கெட். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. ஆள் நூலகத்துக்குப் போய் அகராதியைப் புரட்டிக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார்!

"சிக்குனுன்னா இறுக்கமா, உறுதியான்னு அர்த்தம் தம்பி. மூட்டையச் சிக்குனு கட்டுலேன்னு சொல்றோம்ல, அதுலருந்து வந்த சொல்லுதான் சிக்கனம்."

"அப்ப தறி நூல்ல விழுகுற சிக்கு?"

"அதுவும் இறுக்கந்தான். வேண்டாத எடத்துல இறுக்கம்." கடைசி வாய் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார். "கஞ்சன் வந்து துருப்பிடிச்ச வால்வு மாதிரி. மூடுனா மூடுனதுதான். சிக்கனக்காரன் எங்க இறுக்கணும்னு பாத்து இறுக்குறவன். எதுக்குன்னா, கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரணும்ல?"

எங்கள் தெருவின் கடைசி வீடு என்னுடையது. இவர் இறுக்குவதை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன், தண்ணீர் ஒழுங்காக வந்து சேர்வதைத்தான் பார்த்தபாடில்லை. முன்வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் எங்களுக்கு எப்படி வரும்?

போன கோடையில் என் தங்கச்சி முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. லாரித் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் குளிப்பாட்டக் குளிப்பாட்டப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவந்து பொரிந்தது. இரண்டு முறை தொடர்ந்து குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. மதுரையிலிருந்து தங்கச்சியின் மாமியார் போன் போட்டார். "இந்தத் தடவையும் தண்ணி வரலைன்னா ஞாயித்துக்கிழமை நாங்க வந்து கூட்டிட்டுப் போயிருவோம்."

"மூணு மாசம் ஒங்க கூட இருக்கலாம்னு ஆசையா வந்தேண்ணே" என்று தங்கச்சி அழுதாள். உள்ளே பிள்ளையும் அழுதது.

வெள்ளிக்கிழமை தண்ணீர். வியாழக்கிழமையே வால்வு அண்ணனைப் பிடித்தேன். "அண்ணே, நாளைக்கு ஒரு அர மணி நேரம் கூட விடுங்க. பச்சப்புள்ள இருக்கு."

"முடியாது."

"அண்ணே..."

"ரெண்டு மணி நேரம் விட்டாலும் ஒங்க வீட்டுக்கு வராது. மொத வீட்டுக்காரரு ரோட்டத்தான் குளிப்பாட்டுவாரு." சாவியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். அன்று ராத்திரி அவரை நான் மனசுக்குள் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

வெள்ளி காலை ஆறு மணி. வழக்கமாக வால்வைத் திறந்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறவர், அன்றைக்கு எங்கள் தெருவுக்குள் வந்தார். முதல் வீட்டுக் குழாயில் டாக்டர் மாதிரி காதை வைத்தார். அந்த வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருக்கிறவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"மோட்டார் ஓடுது."

"அது தறிச் சத்தம்ங்க."

"தறிக்கு இன்னைக்கு லீவு. கடைசி வீட்டுல பச்சப்புள்ள இருக்கு."

வீட்டுக்குள்ளே தெலுங்கில் ஓர் அவசர ஆலோசனை நடந்தது. மோட்டார் நின்றது.

அடுத்த வீட்டில் பைக்குக்கு ஹோஸ் அடித்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் குழாயை மூடினார். "கடைசி வீட்டுல பச்சப்புள்ள இருக்கு." அதற்கடுத்த வீட்டில் டிரம் வழிந்துகொண்டிருந்தது. "நெறஞ்சிருச்சு, மூடுங்க. கடைசி வீட்டுல பச்சப்புள்ள இருக்கு." ஆறு மணி என்பதையே ஒற்றை எண்ணில் முடிக்கிற மனுஷன், வாசலுக்கு வாசல் இதை முழுசாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதித் தெரு தாண்டியதும் அவர் வருவதற்கு முன்னாலேயே பெண்கள் குழாயை மூட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் குழாய் முதலில் இருமியது. பிறகு புஸ்ஸென்று காற்று. பிறகு கட்டைவிரல் தண்டிக்குத் தண்ணீர்! அண்டா, குடம், வாளி, இட்லிக் கொப்பரை வரைக்கும் பிடித்தோம். சரியாக ஏழு மணிக்குப் போய் வால்வை மூடிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக விடவில்லை.

முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செம்புக்கும் நடுவில் பிள்ளை வீல் வீலென்று கத்தியது. வால்வு அண்ணனின் கண் செம்போடு ஏறியது, செம்போடு இறங்கியது. போச்சு, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பேச்சியக்காவும் கவனித்துவிட்டார். பாதியில் செம்பைக் கீழே வைத்தார்.

"போதும்த்தா. அண்ணன் பாக்குறாக."

"ஏன் நிப்பாட்டிட்டீக?" என்றார் வால்வு அண்ணன். "தண்ணி மேல பட்டா அழுகைய நிறுத்துது, பாக்கலையா? இன்னும் நாலு செம்பு ஊத்துங்க."

பேச்சியக்கா ஊற்றினார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கையை ஆட்டியது. இவர் டீயை மறந்து குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. இன்றைக்கும் பிடிக்கும்.